வடிவமில்லாப் புரதமும் கிண்டியின் அட்டவணையும்

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டி, தாம்பரத்துக்கு முன்னால் நிற்கும் நிலையத்துக்கு இன்றும் சானடோரியம் என்றே பெயர். 1928இல் மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய இல்லம் தந்த பெயர் அது. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் இதே போன்ற இல்லத்தை நடத்தியபோது கணிதமேதை ராமானுஜனுக்கு மருத்துவம் பார்த்தவரும் இவர்தான். 1937இல் அரசின் கைக்கு வந்த அந்த இல்லம் நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டதற்குப் பின்வந்த ஆண்டுகளில் நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாகவும் ஆனது. அந்த வளாகம் இத்தனை காலம் எதிர்த்துப் போராடிய இரு கிருமிகளிடமும் உயிர்வேதியியலின் பழைய பாடத்துக்கு அடங்காத புரதங்கள் உண்டு. காசநோய்க் கிருமியின் பப் என்னும் புரதம் 64 அமினோ அமிலங்களே கொண்டது. தனித்திருக்கும்போது அதற்கு நிலையான வடிவம் கிடையாது. கிருமி அழிக்க விரும்பும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றைச் சிதைக்கும் இயந்திரத்தின் வாயில் பட்டதும் ஒரு பகுதி சுருளாக மடிகிறது. எச்.ஐ.வி.யின் டாட் புரதமும் அப்படித்தான். கரைசலில் அது வடிவமின்றி அலைகிறது என்பதை 2006இல் என்.எம்.ஆர். அளவீடுகள் காட்டின, மனித செல்லின் புரதத்தோடு இணைந்தபோது அது வடிவம் கொள்வதை 2010இல் படிகம் காட்டியது.

இத்தகைய புரதங்களைப் பற்றி ஆய்விதழ்களில் சிதறிக் கிடப்பதையெல்லாம் கட்டுரை கட்டுரையாகப் படித்து, ஏற்கத்தக்கதைத் தேர்ந்து, எந்தச் சோதனை என்ன சொன்னது என்ற சான்றோடு பதிந்துவைக்கும் தரவுத்தளங்கள் இருபது ஆண்டுகளாக இருக்கின்றன. அவை தொடங்கியது அமெரிக்காவில். அவற்றுள் முதன்மையானது இப்போது இத்தாலியில் இருக்கிறது. ஆய்வுலகின் மதிப்பீட்டில் இது எழுத்தர் வேலை. புதிய சோதனை செய்தவர் கண்டுபிடிப்பாளர், அவர் வெளியிட்டதைத் தேர்ந்து தொகுத்தவர் உதவியாளர் என்பதே எழுதப்படாத வழக்கம். இந்த வழக்கம் தவறானது என்பது என் வாதம். அதற்கான வலுவான சான்று கிண்டி முதல் தாம்பரம் வரையிலான தென்சென்னையின் அறிவியல் வரலாற்றிலேயே இருக்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. அது மடிந்து ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அடைந்தால்தான் வேலை செய்யும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் யாரும் சந்தேகிக்கவில்லை. நொதியும் அது பற்றும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்று எமில் ஃபிஷர் 1894இல் சொன்னார். ஜான் கெண்ட்ரூ 1958இல் மயோகுளோபினின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார். அமினோ அமில வரிசையே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று நிறுவிய கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 1972இல் நோபல் பரிசு பெற்றார். இடையில், 1971இல், புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வெறும் 7 அமைப்புகளோடு புரதத் தரவு வங்கி திறக்கப்பட்டது. உலகின் முன்னோடித் தரவுத்தளங்களில் ஒன்றான அந்த வங்கிக்கு அறிவியல் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் அதில் இடம்பெற ஒரு புரதத்துக்கு வடிவம் இருந்தாக வேண்டும். வடிவம் இல்லாதவை எங்கே போயின? வங்கியின் பல கோப்புகளில் 'ரிமார்க் 465' என்றொரு குறிப்பு வரும். படிகத்தில் இருந்தும் எக்ஸ்-கதிரின் கண்ணுக்குத் தென்படாமல் போன அமினோ அமிலங்களின் பட்டியல் அது. நிலையாக நில்லாத பகுதிகளின் அடர்த்தி சிதறிவிடுவதால் அவற்றை வரைபடத்தில் வைக்க முடியவில்லை. பல்லாயிரம் கோப்புகளில் இந்தக் குறிப்பு இருந்தது. படித்தவர்கள் அதைச் சோதனையின் குறைபாடாகவே எடுத்துக்கொண்டு கடந்து போனார்கள்.

அந்த இல்லாமையே செய்தியாக இருக்கலாம் என்ற எண்ணம் 1990களில்தான் உறுதிப்பட்டது. 1995இல் வெளியான கால்சிநியூரின் என்னும் நொதியின் படிக அமைப்பில் 95 அமினோ அமிலங்கள் நீளமுள்ள பகுதி ஒன்று தெரியவில்லை. ஆனால் நொதியை இயக்கிவைக்கும் கால்மோடுலின் வந்து பற்றும் இடம் அந்தப் பகுதிக்குள்தான் இருந்தது. இதில் கவனம் செலுத்திய அமெரிக்க ஆய்வாளர் கீத் டங்கர், இப்படிப்பட்ட பகுதிகளைத் திரட்டினால் அவற்றுக்கென்று ஒரு பொதுத்தன்மை தென்படுமா என்று தேடத் தொடங்கினார். தென்பட்டது: நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் அவற்றில் குறைவு, மின்னேற்றம் கொண்டவை அதிகம். 1999இல் பீட்டர் ரைட்டும் ஜேன் டைசனும் எழுதிய கட்டுரை, வடிவமே செயல் என்ற கோட்பாட்டை மறுபரிசீலனை செய்யும்படி துறையையே கேட்டது. நம் செல்களைப் போன்ற உட்கருவுள்ள செல்களின் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் நீண்ட ஒழுங்கற்ற பகுதிகள் இருப்பதாக 2004இல் ஒரு கணிப்பு வந்தது. பால் வேதியியலாளர்களுக்குக் கேசீன் புரதம் மடிவதில்லை என்பது முன்பே தெரியும். புற்றுநோயைத் தடுக்கும் பி53, பார்க்கின்சன் நோயில் திரளும் ஆல்ஃபா-சைநியூக்ளின், அல்சைமர் நோயின் டாவ் எல்லாமே இந்தக் குடும்பம் என்று புரிந்தது. டங்கரும் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்து நண்பர்களும் தொகுத்த டிஸ்ப்ராட் தரவுத்தளம் 2005இல் ஆய்விதழில் அறிமுகமானது. 2007இல் அதில் 460 புரதங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும், எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை ஒழுங்கின்மை, எந்தச் சோதனை அதைக் காட்டியது, எந்தக் கட்டுரையில், எதனோடு சேர்ந்தால் அது மடிகிறது என்ற விவரங்கள் பதிவாயின. யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்ததால் பதிவாயின என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு புரதம் 'தெரியவில்லை' என்பதற்கும் அது 'வடிவமின்றி இருக்கிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கோப்பு சொல்லாது. படிகத்தில் காணாமற்போன துண்டு ஒழுங்கற்றதாக இருக்கலாம். நன்றாக மடிந்த பகுதியே ஒரு தளர்ந்த இணைப்பின் நுனியில் ஆடிக்கொண்டிருக்கலாம். தயாரிப்பின்போது வெட்டுப்பட்டுப் போயிருக்கவும் கூடும். மூலக் கட்டுரையின் சோதனைமுறைப் பகுதியைப் படிக்கத் தெரிந்தவரால்தான் அதைத் தீர்மானிக்க முடியும்.

இந்தப் படிப்புக்கு ஒரு கிண்டி முன்வரலாறு உண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார், முப்பது வயதான ஜி.என். ராமச்சந்திரனைப் பெங்களூரிலிருந்து அழைத்துவந்து இயற்பியல் துறையை ஒப்படைத்தார். சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், தோலுக்கும் தசைநாருக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சுட்டிக்காட்டினார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாயிற்று. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த தூய கொலாஜன் அங்கிருந்து கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை முன்வைத்தனர். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றிய சுருளாகக் காட்டினர். அதே 1955இல் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் மாதிரியை வெளியிட்டு, சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று குற்றம் சொன்னார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த அந்தக் குரலுக்குக் கிண்டி எப்படிப் பதில் சொன்னது என்பதில்தான் நம் கதை இருக்கிறது.

புதிய படிகம் வளர்த்துப் பதில் சொல்லவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு எல்லோரும் கைக்கொண்டிருந்த வரம்பு எங்கிருந்து வந்தது, அது உண்மைதானா என்று ராமச்சந்திரனும் மாணவர்களும் கேட்டார்கள். அதுவரை உலகெங்கும் வெளியான அமினோ அமில, பெப்டைடு படிக அமைப்புகளை ஒவ்வொன்றாகத் துருவி, பிணைப்பில்லாத அணுக்கள் உண்மையில் எந்தத் தொலைவுவரை நெருங்கியிருக்கின்றன என்று பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வோர் அணு இணைக்கும் இரண்டு எல்லைகள் வந்தன. இரு கார்பன் அணுக்களுக்கு வழக்கமான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், அரிதாக அனுமதிக்கத்தக்க எல்லை 3.0, இரு ஹைட்ரஜன்களுக்கு 2.0, 1.9. ஒரே எண்ணைச் சட்டமாக எழுதி முடிக்காமல், தரவு காட்டிய தளர்ச்சியை இரண்டு எண்களாகக் காப்பாற்றிய அந்த முடிவைத் தேர்ந்த பதிப்பாசிரியரின் தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். சங்கிலியின் ஒவ்வொரு இணைப்பிலும் திரும்பக்கூடிய இரு கோணங்களை வைத்து, எந்தச் சேர்க்கையில் அணுக்கள் முட்டிக்கொள்ளும், எதில் முட்டாது என்று மேசைக் கணிப்பானில் கணக்கிட்டு வரைந்தார்கள். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் பெயரில் 1963இல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம் அப்படி வந்தது. இன்று உலகில் எந்தப் புரத அமைப்பும் அந்த வரைபடத்தில் சோதிக்கப்படாமல் வெளியாவதில்லை. நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கொலாஜனில் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றிய தகராறில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதே பெரிதும் நிலைத்தது. அணு நெருக்கம் பற்றிய தகராறில்தான் கிண்டியின் தொகுப்பு வென்றது. அந்த வெற்றி அளித்த கருவியோ அவர்கள் வாதாடிய கொலாஜனைவிடப் பல மடங்கு பெரிய பயனைத் தந்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். ராமச்சந்திரன் வரைபடம் ஒழுங்கின் இலக்கணம். சுருளும் தகடும் எங்கே அமையும் என்று சொல்வது. ஒழுங்கற்ற புரதங்களின் வரலாற்றில் அதற்கு என்ன வேலை? வரைபடத்தைச் சரியாகப் பார்த்தால் இந்த ஐயம் தீரும். அது எந்தப் புரதத்தின் வடிவத்தையும் சொல்வதில்லை. எது முடியும், எது முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு அதன் பரப்பில் நான்கில் மூன்று பங்குக்குமேல் தடைபட்டது. பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் இடம் மிகத் தாராளம். மடிந்த புரதம் அந்த அனுமதிப் பரப்பில் தன் புள்ளிகளை நிலையாக வைத்திருக்கும். மடியாத புரதம் அதே பரப்பில் இடைவிடாமல் உலவும். வடிவமின்மைக்கும் எல்லை உண்டு, அந்த எல்லையைக் கிண்டி வரைந்தது. இது நானாக இன்று ஏற்றிச் சொல்லும் பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1965இலேயே பிராண்டும் ஃபுளோரியும் இத்தகைய கோண வரைபடங்களில் ஆற்றலைக் கணக்கிட்டு, கரைசலில் சுருண்டு நெளியும் சங்கிலிகளின் சராசரி அளவை விளக்கினார்கள். ஃபுளோரி பின்னர் பலபடிச் சேர்மங்களின் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர். இன்று ஒழுங்கற்ற புரதங்களின் ஆயிரக்கணக்கான சாத்திய வடிவங்களைக் கணினியில் உருவாக்கும் மென்பொருள்களும், மடிப்பற்ற பகுதிகளில் இந்த இரு கோணங்கள் பரவியிருக்கும் விதத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

ராமச்சந்திரன் 1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்குத் திரும்பிவிட்டார். கிண்டியில் படிகவியல் தொடர்ந்தது. ஆனால் அளவீடுகளைத் தொகுக்கும் வேலை நெடுங்காலம் பின்தங்கியது. அது மறுபடி தலையெடுத்தது சற்றுச் சுற்றுவழியில். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற எம். மைக்கேல் குரோமிஹா, ஜப்பானில் அகினோரி சராய் முதலியோருடன் சேர்ந்து 1999இல் புரோதெர்ம் என்ற தரவுத்தளத்தை வெளியிட்டார். ஒரு புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் அதன் உறுதி எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று உலகெங்கும் அளந்தவற்றின் தொகுப்பு அது. ஒவ்வொரு எண்ணோடும் வெப்பநிலை, அமிலத்தன்மை, கரைசல், அளந்த முறை எல்லாம் பதிவாயின. சூழலற்ற எண்ணுக்குப் பொருளில்லை என்பதை அந்தத் தொகுப்பு முதல் நாளிலிருந்தே ஏற்றுக்கொண்டிருந்தது. தாம்பரத்துக்கு இந்த எண்ணம் புதிதன்று. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தன் நூறாம் ஆண்டில் நகரத்திலிருந்து தாம்பரத்தின் புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தபோது, அந்த வளாகத்தை மரங்களால் நிரப்பிய எட்வர்ட் பார்ன்ஸ் ஒரு வேதியியல் பேராசிரியர். தென்னிந்திய மலைகளில் தாவரங்கள் சேகரித்தவர், அரிசீமா பார்னேசி என்ற செடி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சேகரித்த இடமும் நாளும் உயரமும் எழுதப்படாத செடித்தாள் எப்படி வெறும் காய்ந்த இலையோ, அப்படித்தான் வெப்பநிலை எழுதப்படாத புரத அளவீடும்.

குரோமிஹா 2010இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தார். 2016இல், ராமச்சந்திரன் நிறுவிய படிகவியல், உயிர் இயற்பியல் துறையைச் சேர்ந்தோரும் ஐ.ஐ.டி. குழுவினரும் கைகோத்து, புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாவது பற்றிய சோதனைத் தரவுகளைக் கையாலேயே படித்துத் தொகுத்த சீபேட் தரவுத்தளத்தை வெளியிட்டார்கள். அமினோ அமில மாற்றங்களால் திரளும் வேகம் எப்படி மாறுகிறது என்ற 2,300க்கு மேற்பட்ட அளவீடுகள் அதில் இருந்தன. 2020இல் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. ஒழுங்கற்ற புரதங்களின் கதையில் இதற்கு நேரான இடம் உண்டு. டாவும் ஆல்ஃபா-சைநியூக்ளினும் அமைலாய்டு-பீட்டாவும் தனியே இருக்கும்போது வடிவமற்றவை, திரளும்போதுதான் நோய். டிஸ்ப்ராட் அவற்றின் முதல் நிலையைப் பதிகிறது. சீபேட் இறுதி நிலைக்குச் செல்லும் வழியைப் பதிகிறது. 2018இல் இதே ஐ.ஐ.டி. குழு, ஒழுங்கற்ற புரதங்கள் ஆர்.என்.ஏ.வை இனங்கண்டு பற்றும்போது எந்தெந்த அமினோ அமிலங்கள் ஒழுங்குக்கு மாறுகின்றன என்ற பகுப்பாய்வையும் வெளியிட்டது. சில கிலோமீட்டர் தொலைவில், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில், 2018இல் இன்னொரு தொகுப்பு வந்தது: மரபு மருத்துவ நூல்களையும் ஆய்விதழ்களையும் படித்து 1,742 இந்திய மூலிகைகளின் 9,596 வேதிப்பொருள்களைச் சேர்த்த இம்ப்பாட். பொருள் வேறு, உழைப்பின் இயல்பு ஒன்றே. மத்திய கைலாசக் கோயிலிலிருந்து நடக்கும் தொலைவுக்குள் இத்தனை கைத்தொகுப்புகள் உருவானதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. பெரும் செலவில் கருவி வாங்க இயலாத இடங்களில், வெளியான அறிவைக் கூர்ந்து படிப்பதே முன்வரிசைக்குப் போகும் வழியாக இருந்திருக்கிறது. 1955இல் கிண்டிக்கும் அதுதான் வழியாக இருந்தது.

கையால் தொகுத்தால் பிழை வராதா என்று கேட்பவர்களுக்கு, வரும் என்பதே பதில். புரோதெர்மின் பதிவுகளில் கூட்டல் கழித்தல் குறிகள் மாறியிருப்பதும், மதிப்புகள் தவறாக ஏறியிருப்பதும் ஆய்விதழ்களில் வெளிப்படையாகச் சுட்டப்பட்டவை. உறுதி கூடியதைக் கூட்டலாகக் குறிப்பதா, கழித்தலாகக் குறிப்பதா என்பதில் மூலக் கட்டுரைகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டதால் பிறந்த சிக்கல் அது. 2018இல் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ஒரு குழு அந்தத் தரவைத் திரும்பப் படித்துத் திருத்தியது. 2021இல் செக் நாட்டின் புர்னோவிலிருந்து ஃபயர்ப்ராட்டிபி என்ற சரிபார்த்த தொகுப்பு வந்தது. அதே ஆண்டு சென்னைக் குழுவும், மூலக் கட்டுரைகளுக்குத் திரும்பிப்போய், 31,500க்கு மேற்பட்ட பதிவுகளோடு புரோதெர்ம்டிபி என்ற புதிய பதிப்பை வெளியிட்டது. பிழை கண்டுபிடிக்கப்பட்டது எப்படி என்று பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அது எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்ற சுட்டு இருந்ததால்தான் அடுத்தவர் போய்ச் சரிபார்க்க முடிந்தது. சான்று காட்டாத தொகுப்பில் பிழை இருந்தாலும் வெளியே தெரியாது. ஆகவே பிழைகள் உண்டு என்ற குற்றச்சாட்டு, இன்னும் கூடுதலான வாசகர்களை இந்த வேலைக்கு அமர்த்தச் சொல்கிறதே தவிர, வேலையையே கைவிடச் சொல்லவில்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் கணினியிடமிருந்து வருகிறது. 2021இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் வந்து, விரைவிலேயே கோடிக்கணக்கான புரதங்களின் வடிவத்தைக் கணித்துவிட்டது. எந்தப் பகுதியில் தன் நம்பிக்கை குறைகிறது என்பதையும் அதுவே சொல்கிறது. அந்தக் குறைந்த நம்பிக்கைப் பகுதிகள் பெரும்பாலும் ஒழுங்கற்ற பகுதிகளோடு ஒத்துப்போகின்றன. பிறகு ஏன் ஒருவர் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்? இதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அந்தப் பொருத்தம் உண்மையானது, மிகப் பயனுள்ளது. ஆனால் பொருந்துகிறது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? ஒழுங்கின்மையைக் கணிக்கும் மென்பொருள்களை ஒப்பிட 2018இல் தொடங்கிய கெய்ட் என்ற உலகப் போட்டியில் 43 முறைகள் களமிறங்கின. அவற்றுக்கு வைத்த தேர்வுத்தாள், டிஸ்ப்ராட்டில் மனிதர்கள் படித்துப் பதிந்த 646 புரதங்கள். அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் எது நல்ல முறை என்று சொல்ல எந்த வழியும் இருந்திருக்காது. இன்னொன்றும் உண்டு. சில ஒழுங்கற்ற பகுதிகளை ஆல்ஃபாஃபோல்டு உறுதியான நம்பிக்கையோடு மடித்தே காட்டுகிறது. 4இ-பிபி2 என்னும் புரதம் தன் இயல்பில் மடியாதது. பாஸ்பேட் குழுக்கள் ஏறினால் மடிவது என்று 2015இல் சோதனை காட்டியது. கணினி காட்டுவது அந்த மடிந்த கோலத்தை. எந்த நிலையில் எந்தக் கோலம் என்ற கேள்விக்கு விடை அமினோ அமில வரிசையில் இல்லை. சோதனைக்கூடத்தில் இருக்கிறது, அங்கிருந்து கட்டுரைக்கும், படித்தவர் ஒருவர் எடுத்தால் தரவுத்தளத்துக்கும் வருகிறது. ஒழுங்கின்மைச் சோதனைகளைப் பதிவதற்குக் குறைந்தபட்சம் எவை தேவை என்று 2023இல் இத்துறையினர் வெளியிட்ட விதிமுறையும், பயன்படுத்திய துண்டு எது, அதில் சேர்த்தது எது, வெப்பநிலை என்ன, அமிலத்தன்மை என்ன என்றே கேட்கிறது. 1999இன் புரோதெர்ம் கேட்டவையும் பெரும்பாலும் இவைதாம்.

டிஸ்ப்ராட் இருப்பது படுவாவில், சென்னையில் அதுபோன்ற ஒன்று இல்லையே, இதைத் தென்சென்னையின் வரலாறாகச் சொல்வது ஊர்ப்பற்று ஆகாதா என்பது கடைசிக் கேள்வி. டிஸ்ப்ராட்டின் வரலாறே இதற்கு விடை தரும். அமெரிக்காவில் தொடங்கிய அது பத்தாண்டுக்குள் தளர்ந்தது. 2016இல் இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் சில்வியோ தொசாத்தோவின் குழு அதை எடுத்து, பல நாட்டு ஆய்வகங்களில் இருந்த வாசகர்களைச் சேர்த்து, பழைய பதிவுகளை மறுபடி படித்து, 800க்கு மேற்பட்ட புரதங்களோடு புதுப்பித்தது. இன்று அதில் பதிவது பல ஊர்களில் பயிற்சி பெற்றவர்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஆகவே தரவுத்தளம் எந்த ஊர்க் கணினியில் இருக்கிறது என்பது சிறிய கேள்வி, அதைப் படித்து நிரப்பத் தெரிந்தவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலும் தரமணியிலும் கிண்டியிலும் தாம்பரத்தின் கல்லூரிகளிலும் அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் வகுப்பறைகள் இருக்கின்றன. அவர்களை அதே வேலையில் வைத்திருக்கும் பதவிகள்தான் இல்லை. புரோதெர்ம்டிபி வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் என்ற பொருள்படும் சொற்கள் இருக்கின்றன. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் அளவீடுகள் வந்தவண்ணம் இருந்தன, படித்துச் சேர்க்கத்தான் தொடர்ந்து ஆளில்லை. 2022இல் ஃபரிதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டபோது சேமிக்க இடம் கிடைத்தது. படிக்கும் ஆளுக்கு இன்றும் நிரந்தர வேலை இல்லை. இரண்டு மூன்று ஆண்டுத் திட்டப்பணத்தில் ஒரு முனைவர் பட்ட மாணவர் வந்து, ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சரிபார்த்து, பட்டம் பெற்றதும் வேறு துறைக்குப் போகிறார். நம் பல்கலைக்கழகங்கள் ஆசிரியர் பதவி உயர்வுக்கு எடைபோடும்போது, புதிய கட்டுரைக்குத் தரும் மதிப்பெண்ணை, சான்றோடு திருத்திய ஒரு தரவுத்தளப் பதிப்புக்கும் தர வேண்டும். நூலகருக்கு இருப்பதுபோல் தரவுப் பதிப்பாளருக்கும் நிலையான பணியிடம் வேண்டும். அணுக்களின் இடைவெளியைப் பட்டியலிட்ட மாணவர்களுக்குக் கிண்டியின் துறை அந்த மதிப்பைக் கொடுத்தது, அவர்கள் பெயரை ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட்டது.